பெனிஷா வாசிக்கும் கடல்

வாருங்கள், உள்ளே வாருங்கள். அந்தத் தகவல் மையக் கதவைத் தட்டிப் பயனில்லை. பெனிஷா இனி மாலை அறிவிப்புக்குத்தான் வருவாள். அதுவரை வெயிலில் நிற்பீர்களா? இது அங்கன்வாடிதான். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள், கொஞ்சம் மெதுவாகப் பேசினால் போதும். அந்த நாற்காலியில் உட்காருங்கள். பிள்ளைகளுடையதுதான், ஆனாலும் உங்களைத் தாங்கும்.

அறிவிப்பு அனுப்புகிற இடத்திலிருந்துதானே வருகிறீர்கள், மேடம்? ஆட்டோக்காரர் சொல்லிவிட்டார். காற்று எவ்வளவு, அலை எவ்வளவு, கடல் ஏறுவது எப்போது, வற்றுவது எப்போது, எல்லாம் உங்களிடமிருந்துதான் அவளுக்கு வருகிறது என்கிறார்கள். நல்லது. அப்படியானால் உங்களிடம்தான் சொல்ல வேண்டும். ஊர்க் கமிட்டியில் சொல்லியாயிற்று. ஃபாதரிடமும் சொல்லியாயிற்று. ஃபாதர், "ஜெபம் பண்ணுங்க டீச்சர்" என்றார். யாருக்காக என்று சொல்லவில்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அடுத்தவர் வாசலை எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. இந்த ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். அங்கன்வாடியைக் கட்டியவர்கள் ஜன்னலை அங்கே வைத்தார்கள். தகவல் மையத்தைக் கட்டியவர்கள் வாசலை இங்கே வைத்தார்கள். நடுவில் நான் என்ன செய்ய முடியும்? டீச்சர் எதற்கு விடிவதற்கு முன்பே அங்கன்வாடியைத் திறக்கிறாள் என்று சிலர் கேட்கிறார்களாம். கூட்டிப் பெருக்க வேண்டாமா?

என் வீட்டுக்காரர் பெயர் ததேயுஸ். அவருக்கும் அவர் தம்பி கிளீட்டஸுக்கும் சேர்த்து ஒரு ஃபைபர் வள்ளம் இருக்கிறது. எங்கள் ஊரில் துறைமுகம் கிடையாது, பார்த்திருப்பீர்கள். திறந்த கரை. வள்ளத்தை மணலில் தள்ளித்தான் கடலில் இறக்க வேண்டும். அதற்குப் பத்துப் பேர் தோள் கொடுக்க வேண்டும். யாருடைய வள்ளமாக இருந்தாலும் கரையில் நிற்பவன் தோள் கொடுப்பான், கேட்க வேண்டியதே இல்லை. ஆனால் பெனிஷா கோயில் ஸ்பீக்கரில் "இன்று வேண்டாம்" என்று வாசித்துவிட்டால் சிவப்புக் கொடி ஏற்றிவிடுவார்கள். அன்றைக்கு எவனும் தோள் கொடுக்க மாட்டான். அது ஊர்க் கட்டுப்பாடு. இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் ஊரில் உள்ள ஆண்கள் எல்லாரும் கரையில் இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய அதிகாரம். அதை இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

போன ஆனியில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. சின்ன விஷயம்தான். ஆனால் நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டால் பெரிதாக்கிச் சொல்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கரை பிடிக்கும்போது அலை அடித்து வள்ளம் கவிழ்ந்துவிட்டது. எங்கள் கரையில் கவிழாத வள்ளம் உண்டா? கிளீட்டஸ் நீந்தி வந்துவிட்டான். இவர் வள்ளத்துக்கு அடியில் வலைக்குள் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம்தான். கிளீட்டஸ் திரும்பிப் போய்க் கத்தியால் வலையை அறுத்து இழுத்துக்கொண்டு வந்தான். தண்ணீர் குடித்திருந்தார். குப்புறப் போட்டு அமுக்கினார்கள், கக்கினார், கண்ணைத் திறந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நெய்மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். தொடவில்லை. எனக்கு அந்த வலை போனதுதான் வருத்தம். நல்ல வலை.

அதற்குப் பிறகுதான் இது ஆரம்பித்தது.

அதுவரை அறிவிப்பைக் காதில் வாங்காத மனிதர் அவர். ஸ்பீக்கர் சத்தம் கேட்டாலே, "கடலை நமக்கு இவ வாசிச்சுக் காட்டணுமாக்கும்" என்று சிரிப்பார். அப்படிப்பட்டவர் ஊர் எழுவதற்கு முன்னால் எழுந்து முகம் கழுவிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறார். கடலுக்குப் போகிறவனுக்கு எதற்குச் சட்டை? நேரே அவள் வாசல். அவள் விளக்கைப் போட்டுக் கணினியைத் திறந்து வைத்திருப்பாள். இவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்பார். அவள் ஏதோ சொல்வாள். மறுபடியும் கேட்பார். அலை எவ்வளவு என்று ஒரு தடவை கேட்டால் போதாதா ஒருவருக்கு?

இந்த ஜன்னலில் பேச்சு கேட்காது. முகம் தெரியும். அவள் கடல் நன்றாக இருக்கிறது என்று சொல்கிற நாளில் இவர் முகம் செத்துப்போகும். வீட்டுக்கு வந்தால் சாயா டம்ளரை நேராகப் பிடிக்க மாட்டார், பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொள்வார். ஊரை விட்டுப் போக மனசில்லை, வேறென்ன? "இன்று வேண்டாம்" என்று அவள் வாசித்துவிட்டால் பாருங்கள், வரும்போதே சீட்டி அடித்துக்கொண்டு வருவார். எனக்குத் தேங்காய் துருவிக் கொடுப்பார். நாள் முழுவதும் ஊரிலேயே இருக்கலாம் அல்லவா? அவள் இருக்கிற ஊரில்.

அப்படிப்பட்ட நாளில் என்ன செய்கிறார் என்று போய்ப் பார்த்திருக்கிறேன். வலைக்கூடத்தில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பார். மறுபடி போனால் மறுபடியும் அதே இடம். எப்போது போனாலும் அங்கேதான். அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளே இல்லை அவர்.

நேராகவே கேட்டேன். "எதுக்கு அவ வாசல்ல போய் நிக்கிறீங்க? ஸ்பீக்கர் நம்ம வீட்டு மேலதானே கத்துது?"

"அந்தப் பிள்ளைக்க சத்தம் கேட்டாத்தான் எனக்கு ஒரு சமாதானம்" என்றார்.

மறைக்கக்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அவளிடமும் கேட்டேன். அவள் ஒரு மாதிரி. பி.எஸ்சி. படித்தவள், ஆனால் நிமிர்ந்து பேச மாட்டாள், கேட்டதற்குப் பாதிப் பதில் சொல்லிவிட்டுத் துப்பட்டா நுனியைத் திருகுவாள். கூச்சமாம். மைக்கைப் பிடித்தால் மட்டும் அந்தக் கூச்சம் எங்கே போகிறது? "ததேயுஸ் தினம் உங்கிட்ட என்ன கேக்காரு?" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள், "அத அண்ணன்கிட்டயே கேளுங்க டீச்சர். நான் சொல்லப்பிடாது."

கேட்டீர்களா? சொல்லக் கூடாதாம். அண்ணன் என்று வேறு கூப்பிடுகிறாள். அண்ணன் என்று கூப்பிடுவதில் எவ்வளவு வசதி பாருங்கள்.

நான் எதையும் விசாரிக்காமல் பேசுகிறவள் இல்லை. என் தங்கச்சியை நாலு ஊர் தள்ளிக் கட்டிக்கொடுத்திருக்கிறது. அங்கேயும் ஸ்பீக்கர் இருக்கிறது. காலையில் அவளுக்கு போன் போட்டு, உங்கள் ஊரில் இன்றைக்கு என்ன வாசித்தார்கள் என்று கேட்பேன். இவள் வாசித்ததேதான் அங்கேயும். மீனவர்களுக்கென்று போனில் ஒரு ஆப் இருக்கிறதே, அதையும் இறக்கிப் பார்த்தேன். அதிலும் அதே அலை, அதே காற்று. ஒரு புள்ளி மாறவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவள் எவ்வளவு கவனமான ஆள் என்று.

கிளீட்டஸிடம் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "மைனி, அண்ணனுக்கு அந்த ஆனியில இருந்தே..." என்று ஆரம்பித்தான். "ஆனியில இருந்தேதான்னு எனக்கும் தெரியும்" என்றேன். அவன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டான். அண்ணனைக் காட்டிக்கொடுப்பானா?

இப்போது அந்தச் சித்திரை நாளுக்கு வருகிறேன். ஊரில் எல்லாரும் என்னைத்தான் குறை சொல்கிறார்கள், அதனால் நீங்கள் முழுவதும் கேட்க வேண்டும். சாயா போடட்டுமா? பால் இல்லை, கட்டன்தான். சரி, பிறகு போடுகிறேன்.

அன்றைக்கு விடியற்காலையில் அவள் வாசித்தது எனக்கு இன்னும் மனப்பாடம். "இன்று கள்ளக்கடல் எச்சரிக்கை. காற்று இல்லை. அலை உயரம் அதிகம் இல்லை. ஆனால் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி நீளம். மதியம் கடல் ஏறும்போது கரையில் பலமாக அடிக்கும். யாரும் கடலில் இறங்க வேண்டாம். வள்ளங்களை மேட்டில் ஏற்றி வையுங்கள்."

நான் போய்க் கடலைப் பார்த்தேன். என்ன கடல் தெரியுமா? இங்கே தொட்டியில் பிள்ளைகளுக்குப் பிடித்து வைத்திருக்கிற தண்ணீர் போல அசையாமல் கிடந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. காற்று இல்லை என்று அவளே சொல்கிறாள், அலை இல்லை என்று அவளே சொல்கிறாள், பிறகு போகாதே என்றும் சொல்கிறாள். கள்ளக்கடல் எங்களுக்குத் தெரியாததா? நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் அடுப்படி வரைக்கும் வந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல் வந்ததால்தான் அதற்கு அந்தப் பெயர். சொல்லிவிட்டு வந்தால் அது கள்ளக்கடலா?

இவர் சீட்டி அடித்துக்கொண்டு வந்தார். தேங்காயை எடுத்தார். நான் துருவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"கெளம்புங்க" என்றேன்.

"கொடி ஏத்தியாச்சு" என்றார்.

"கொடி யாருக்காக ஏத்தினதுன்னு எனக்குத் தெரியும். கெளம்புங்க."

அவருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அதில் பார்க்க வேண்டியது இருந்தது. பார்த்தேன். அவள் எண்ணைப் பெயர் போட்டு வைக்காமல் "கடல்" என்று போட்டு வைத்திருக்கிறார். நல்ல எண்ணம் உள்ளவர் எதற்குப் பெயரை மறைக்க வேண்டும்?

கரையில் எல்லாரும் வள்ளங்களை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் இவரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். கிளீட்டஸ், "மைனி, அண்ணனை விடுங்க. கள்ளக்கடலுக்கு முன்ன இப்பிடித்தான் கெடக்கும்" என்றான். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். வள்ளத்துக்கு யாரும் தோள் கொடுக்கவும் இல்லை. சரி, எங்களுக்கு ஒரு பழைய கட்டுமரம் கிடந்தது, தனி ஆள் கொண்டுபோகிற மரம். ஊர்க் கட்டுப்பாடு வள்ளத்துக்குத்தானே, கட்டுமரத்துக்கு யார் தோள் கேட்டது? ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையைப் பிடிக்க இவர் வரவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் கேட்டேன், எல்லாரும் கேட்கும்படிதான் கேட்டேன். "யாருக்காகக் கரையில நிக்கிறீங்க? அவளுக்காகவா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தகவல் மைய வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். இவர் அவள் தலை குனிந்ததைப் பார்த்தார். பார்த்த உடனே வந்து மரத்தின் மறுமுனையைப் பிடித்தார். கவனித்தீர்களா? நான் அத்தனை தடவை சொல்லியும் அசையாதவர். அவள் முகம் வாடியதும் அசைந்தார்.

இறங்குவதற்கு முன்னால் மூன்று தடவை சிலுவை போட்டார். எங்கள் கல்யாணத்தன்றுகூட ஒரு தடவைதான் போட்டார்.

போனார். கடல் ஒன்றும் செய்யவில்லை. துடுப்பைப் போட்டு அழகாகப் போனார். நான் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இங்கே வந்து பிள்ளைகளுக்குச் சத்துமாவு கிண்டினேன்.

மதியம் கள்ளக்கடல் வந்தது. காற்றே இல்லாமல் வந்தது. தூரத்தில் ஒன்றும் தெரியாது, கரைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் எழும்பும். முதல் அலை வலைக்கூடம் வரைக்கும், அடுத்தது ரோடு வரைக்கும். அதோ, அந்தச் சுவரில் கறை இருக்கிறது பாருங்கள், அது வரைக்கும். பிள்ளைகளைத் தூக்கிக் கோயிலில் விட்டுவிட்டு ஓடினேன். அவர் வெளியே, அலை உடைகிற இடத்துக்கு அந்தப் பக்கம், ஒரு கறுப்புப் புள்ளி மாதிரி தெரிந்தார். கரைக்கு வரப் பார்ப்பார், பின்வாங்குவார், மறுபடி வரப் பார்ப்பார். கிளீட்டஸ் குதிக்கப் போனான், நாலு பேர் சேர்ந்து பிடித்தார்கள். அவரிடம் போன் இல்லை. போன் என் இடுப்பில் இருந்தது என்பது வேறு விஷயம்.

அப்போது ஸ்பீக்கர் பேசியது.

"ததேயுஸ் அண்ணா, பெனிஷா பேசுகேன். கேட்டா துடுப்பத் தூக்குங்க."

நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு மைக்கோடு மீன் ஏலக்கூடத்து மாடியில் ஏறி நிற்கிறாள். அவர் துடுப்பைத் தூக்கினார். நான் கூப்பிட்டால் நாலு தடவை கூப்பிட வேண்டும். அவளுக்கு ஒரு தடவை போதும்.

"கரைக்கு வரண்டாம். இன்னும் வெளிய போங்க. அங்க அலை உடையாது. கடல் வத்துற வரைக்கும் அங்கனயே நில்லுங்க. பயப்படண்டாம் அண்ணா. நான் இஞ்சதான் இருக்கேன்."

ஊர் முழுக்கக் கேட்க ஒரு பெண் அடுத்தவள் புருஷனிடம் சொல்கிறாள், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று. பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிற மனிதனிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்ல இவள் யார்? ஒரு தடவை இல்லை, மதியம் முழுக்கச் சொன்னாள். தொண்டை அடைத்த பிறகும் சொன்னாள். நடுவில் என்னையும் இழுத்தாள். "டீச்சர் இஞ்ச உங்களையே பாத்துக்கிட்டு நிக்காங்க" என்றாள். என்னை எதற்கு இழுக்க வேண்டும்? நான் அழுதேன் என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். காற்றில் மணல் பறந்து கண்ணில் விழுந்துவிட்டது.

வெயில் சாய்ந்து கடல் வற்ற ஆரம்பித்ததும் அவள் அலையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "இப்பம் வேண்டாம். பொறத்தால ஒண்ணு வருது, அது போகட்டு. நில்லுங்க. நில்லுங்க. இப்பம் வாங்க அண்ணா, வாங்க, துடுப்பப் போடுங்க." அவள் வா என்றதும் வந்தார். கிளீட்டஸும் மற்றவர்களும் கழுத்தளவு தண்ணீரில் கயிறு பிடித்து நின்று இழுத்துப் போட்டார்கள். மரம் இரண்டாகப் பிளந்துவிட்டது. அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான்.

நான் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். துவட்டிவிடலாம் என்று. அவர் என்னைத் தாண்டிப் போனார். தாண்டி, இந்த வாசல் வழியாகத்தான், நேரே போய் ஏலக்கூடத்துப் படியில் உட்கார்ந்தார். அவள் இறங்கி வந்தாள். அவள் காலடியில் உட்கார்ந்து அழுதார், ஊர் பார்க்க, பிள்ளை அழுகிற மாதிரி. அவளுக்குப் பேசக் குரல் இல்லை. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

சாவிலிருந்து தப்பி வந்த மனிதன் பெண்டாட்டியிடம் வராமல் எங்கே போனான் பாருங்கள். இதற்கு மேல் என்ன வேண்டும் எனக்கு?

அன்றிலிருந்து கடலுக்குப் போகவில்லை. வைகாசி பிறந்துவிட்டது, வள்ளம் மேட்டில் கிடக்கிறது. சந்தையில் மீன் இறக்குகிற வேலைக்குப் போகிறேன் என்கிறார். நாலு தலைமுறையாகக் கடலில் கிடந்த வீடு. ஏன் என்று கேட்டால் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்குக் கடலக் கண்டா பயமாக்கும், லெத்தீசியா. அந்த வலைக்குள்ள கெடந்ததுல இருந்து பயமாக்கும். அந்தப் பிள்ளைகிட்ட மட்டுந்தான் சொன்னேன்" என்றார்.

பயமாம். ததேயுஸுக்கு. நீங்கள் அவரைப் பார்த்ததில்லை, பார்த்தால் நம்ப மாட்டீர்கள். இந்தத் தோள், இந்த மார்பு. நானும் பதினாறு வருஷம் கூடக் குடியிருக்கிறேன், என்னிடம் சொல்லாத பயத்தையா அவளிடம் போய்ச் சொல்லியிருப்பார்? அவள் சொல்லிக்கொடுத்த பேச்சு அது. பி.எஸ்சி. படித்தவள் அல்லவா, யாரும் மறுத்துப் பேச முடியாத பொய்யாகப் பார்த்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

ஆனால் நான் விடப்போவதில்லை. கிளீட்டஸ் வரவில்லை என்றால் என்ன, பக்கத்து ஊரில் ஒரு ஆளைப் பேசிவிட்டேன். நாளை விடியும்போது வள்ளத்தை இறக்குகிறோம். அவர் வருவார். அன்று கேட்டது போலக் கரையில் வைத்து இன்னொரு தடவை கேட்டால் வருவார், எனக்குத் தெரியும். ஒரு நாள் போய் வந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

நீங்கள் மேலிடத்துக்கு இப்போது ஒன்றும் எழுத வேண்டாம், அவளை இங்கிருந்து மாற்றுவது பிறகு இருக்கட்டும். ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவள் வாயால் எனக்கு வேண்டாம். உங்கள் இடத்திலிருந்துதானே எல்லாம் வருகிறது, நீங்களே சொல்லுங்கள். நாளைக்குக் கடல் எப்படி?

சரியில்லையா?

வெளியே பாருங்கள், எப்படிக் கிடக்கிறது என்று. சரி, நாளை மறுநாள்? அதுவுமா? இந்த வாரம் முழுக்கவா?

போன் உங்கள் பைக்குள் இருக்கிறது. எடுக்கவே இல்லை. பார்க்காமலே சொல்கிறீர்கள்.

இருங்கள், எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? சாயா குடித்துவிட்டுப் போகலாம். அவள் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. உட்காருங்கள். உட்கார்ந்து உண்மையைச் சொல்லுங்கள், என் வீட்டுக்காரரை உங்களுக்கு எத்தனை நாளாகத் தெரியும்?